கயிறு அறுந்துபோகவில்லை

இந்தத் தீவுக்குக் குடிவருவதாக இருந்தால் முதலில் பல் வைத்தியரைப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் மனைவிக்கு இப்படி ஓர் இடத்தில் வாழ ஆசை என்று படகிலிருந்து இறங்கும்போது சொன்னீர்களே, அதனால் சொல்கிறேன். இங்கே பல் வலி வந்தால் படும் பாடு எதிரிக்கும் வேண்டாம். கடைக்காரர் கிராம்புத் தைலம் தருவார். கூடவே தன் கடைவாய்ப் பல் போன கதையையும் தருவார். தைலம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

நீங்கள் என் வீட்டுக்காரர் இறந்த நாளைப் பற்றிக் கேட்க வந்த அதிகாரி என்பதை நான் மறக்கவில்லை. அதற்குத்தான் வருகிறேன். ஆனால் இந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரியாமல் அதைக் கேட்டால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனைவிக்கும் உபயோகமாக இருக்கும்.

அவர் லிப்ட் ஆய்வாளராக இருந்தவர். நகரத்தின் உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கி, கம்பி வடத்தை இழுத்துப் பார்த்து, "ஓடலாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவது வேலை. ஓய்வு பெற்றதும் மாடியே இல்லாத ஊரில் இருக்க வேண்டும் என்றார். எதையும் விரல் மடக்கித்தான் முடிவு செய்வார். நல்லதெல்லாம் வலக்கை, கெட்டதெல்லாம் இடக்கை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அமைதி, நல்ல காற்று, ஜன்னலில் கடல், பூட்ட வேண்டாத கதவு, முகம் தெரிந்த மனிதர்கள் என்று வலக்கையை மடக்கிக்கொண்டே போனார். இடக்கையில் ஆஸ்பத்திரி தூரம் என்று ஒரு விரலை மடக்கினார். பிறகு, நாம் என்ன தினமுமா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று அதையும் நிமிர்த்திவிட்டார்.

"நீ என்ன சொல்ற?"

"நீங்க பாத்து செஞ்சா சரிதான்."

அவர் கேட்டது கேள்வி இல்லை. அது ஒரு பழக்கம். எங்கள் மகளின் கல்யாணம் முதல் ஜன்னல் திரையின் நிறம் வரைக்கும் அப்படிக் கேட்டிருக்கிறார். நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே.

வந்த புதிதில் எனக்கு இந்த இடம் ஆகவில்லை. காய்கறி வந்து சேரும்போது என்னைவிட வாடியிருக்கும். காற்று அடித்தால் காயப்போட்ட துணியை அடுத்த வீட்டுக்காரி கொண்டுவந்து தருவாள். எந்தத் துணி யாருடையது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், உள்ளாடை உட்பட. முதல் மழைக்காலம் முழுக்க அழுதேன். அவரோ கடைக்காரரிடம், "செத்தா இங்கதான் சாகணும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். இதைச் சொன்னதற்குக் கடைக்காரரே சாட்சி. நீங்கள் அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த ஊரின் பெரிய கெடுதல் என்று நான் நினைப்பது, இங்கே சண்டைக்கு வயதாவதில்லை. மேட்டு வீட்டாருக்கும் துறை வீட்டாருக்கும் வலை காயப்போடும் இடத்துக்காக எப்போதோ ஒரு தகராறு. தகராறு செய்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தகராறு மட்டும் திடகாத்திரமாக இருக்கிறது.

படகு காலையில் இந்த வழியாக நகரத்துக்குப் போகும், சாயங்காலம் திரும்பும். இறங்க ஆள் இருந்தாலோ துறையில் கொடி பறந்தாலோதான் உள்ளே வரும். இல்லையென்றால் தூரத்திலேயே கடந்துவிடும். வெள்ளைக் கொடி என்றால் பயணி காத்திருக்கிறார். சிவப்புக் கொடி என்றால் நோயாளி. சிவப்பைப் பார்த்தால் எந்தத் திசையில் போனாலும் படகு வந்து ஆளை ஏற்றிக்கொண்டு நேரே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். கைபேசி, தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் எப்போதாவது பேசும். அதை நம்பி இங்கே யாரும் நோயில் விழுவதில்லை.

முன்பு மேட்டு வீட்டுக்காரர் ஒருவர் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். துறை வீட்டுப் பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி வந்த நாளில் கொடி ஏறவில்லை. கயிறு அறுந்துவிட்டது என்றார். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. விசாரிக்க வந்தவர்களிடம் ஊரும் கயிறு என்றே சொன்னது. அதற்குப் பிறகுதான் ஓர் ஏற்பாடு செய்தார்கள். கொடி, வெளியிலிருந்து குடிவந்தவர் கையில்தான் இருக்க வேண்டும். அவருக்குத்தான் இங்கே யார் மேலும் கோபம் இருக்காது. எனக்கு முன்னால் ஓர் இசை ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேட்டு வீட்டில் பெண் எடுத்தார். மறுநாளே கொடியை வாங்கிவிட்டார்கள்.

நன்றாக யோசித்துச் செய்த ஏற்பாடுதான். வெளியிலிருந்து வருபவர் சில சமயம் துணையோடு வருவார் என்பது ஒன்றைத்தான் யோசிக்கவில்லை.

முதலில் அவரைத்தான் கேட்டார்கள். ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு வேலை என்று என் பக்கம் தள்ளிவிட்டார். இரண்டு கொடியையும் வாங்கிக்கொண்டேன். மழைக்குப் பிறகு துவைத்துக் காயவைப்பேன். கம்பத்தின் கப்பிக்கு எண்ணெய் போடுவேன். பழைய கயிறு நைந்திருந்ததால் நகரத்திலிருந்து நல்ல நைலான் கயிறு வரவழைத்து நானே மாற்றினேன். யாராவது நகரத்துக்குப் போக வேண்டுமென்றால் என் வீட்டு வாசலுக்கு வருவார்கள். "கொடியம்மா, நாளைக்குக் காலைல" என்றால் போதும். மேட்டு வீட்டாரும் வருவார்கள், துறை வீட்டாரும் வருவார்கள். என்னைத் தாண்டி யாரும் இங்கிருந்து போனதில்லை.

நகரத்தில் நான் லிப்ட்காரர் மனைவி. இங்கே அவர் கொடியம்மா வீட்டுக்காரர். முதல் தடவை அதைக் கேட்டபோது அவர் சிரித்தார். இரண்டாவது தடவையும் சிரித்தார். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. ரொம்பப் பிடித்திருந்தது. பெற்ற பிள்ளையைத் தவிர வேறு எதன் மேலும் எனக்கு அப்படி ஓர் ஆசை வந்ததில்லை.

ஒரு நாள் அவர் துறைக்கு வந்து, நான் மாற்றிய கயிற்றை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, "ஓடலாம்" என்றார். அன்று சமையலில் உப்பு கூடிவிட்டது.

இங்கே ஆய்வு செய்ய ஒன்றும் இல்லாததால் அவருக்குப் பொழுது போகவில்லை. மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தார். வந்ததும் மேசையில் உட்கார்ந்தார். போன தடவை வலக்கையில் இருந்த அமைதி இப்போது இடக்கைக்கு மாறியிருந்தது. முகம் தெரிந்த மனிதர்களும் இடக்கைக்கு வந்துவிட்டார்கள். மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறாராம்.

"லிப்ட் நல்ல லிப்ட். நானே பாத்துட்டேன். நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம்."

மறுநாள் கடைக்குப் போனபோது கடைக்காரர் என்னிடம், "போறீங்களாமே கொடியம்மா" என்றார். "கொடிக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லிட்டாரு ஐயா." அதாவது என் வேலையை என் வீட்டுக்காரரே ராஜினாமா செய்துவிட்டார். நான் ரொட்டி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எனக்குக் கோபம் என்று யாரும் சொல்ல முடியாது. வழியில் பார்த்தவர்களிடம் சிரித்துத்தான் பேசினேன்.

அவர் இறந்த நாள் காலையைப் பற்றிச் சொல்கிறேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். அவர் ஒரு பெட்டிக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நெஞ்சுல கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. சிவப்பு ஏத்து."

அவரைப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன். ஓடவில்லை. இந்த வயதில் அந்தச் சரிவில் ஓடினால் இரண்டு நோயாளி ஆகிவிடும். துறையில் அந்த நேரத்தில் யாரும் இல்லை. படகு தெரிந்தது. நான் கம்பத்தடியில் நின்றேன். கொடி சுருட்டியபடியே என் அக்குளில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அவரைப் பிழைக்கவைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும், இப்போதெல்லாம் நல்ல வைத்தியம் இருக்கிறது. பிழைத்தால் ஒன்பதாவது மாடி. கடலில் போகிற படகோட்டி வழக்கம்போல என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன். படகோட்டி அதைத்தான் என் மகளிடம் சொல்லியிருக்கிறார், மகள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவர் பொய் சொல்பவர் அல்ல.

கயிறு அறுந்துவிட்டது என்று ஊரே சொன்னதாகச் சொன்னீர்கள். மேட்டு வீட்டாரும் துறை வீட்டாரும் ஒரே குரலில் பேசியது எனக்காகத்தான் இருக்கும். அவர்கள் மனசுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இதை நீங்கள் நல்லது பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம், இங்கே ஒருவரை ஏற்றுக்கொண்டால் கைவிட மாட்டார்கள். ஆனால் கயிறு நல்ல கயிறு. நான் பார்த்துப் பார்த்து மாற்றியது. அது அறுந்ததென்று உங்கள் காகிதத்தில் ஏறினால் என் வேலைக்கு இழுக்கு. அதனால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

வீட்டுக்குத் திரும்பி வந்து அவருக்கு வெந்நீர் கொடுத்தேன்.

"ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

அவருக்கு முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி, ஊரில் ரேடியோ அக்கா என்பார்கள், வாசலில் வந்து நின்று, "என்ன, ஐயா சத்தமே காணோம்" என்றாள். "ராத்திரி தூங்கல, இப்பதான் கண்ணசந்தாரு" என்று சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து பார்த்தால் அவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். எங்கள் கட்டிலிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். அதுவும் வலக்கை விரல்களில் ஒன்றாக இருந்ததுதான். படகு அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது தீவின் முனையைத் தாண்டி மறையும்வரை பார்த்தார்.

"ஏத்தலையா?"

"இல்ல."

அவருக்கு மூச்சு வாங்கியது. அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"உனக்கு இங்கயே இருக்கணும்னு இருந்துச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"சொல்லியிருந்தா இருந்திருப்பேனே."

நோயில் கிடக்கிறவர் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உடம்பு முடியாதபோது மனிதர்கள் என்னென்னவோ சொல்வார்கள். போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு மூட்டைகளை அவிழ்க்க ஆரம்பித்தேன். பாத்திரங்களை அதனதன் இடத்தில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இருட்டும் நேரத்தில் போய்விட்டார். செத்தால் இங்கேதான் சாக வேண்டும் என்று சொன்னவர், அப்படியே ஆயிற்று. இங்கேதான் புதைத்திருக்கிறோம். ஊர் முழுக்க வந்தது. கொடிக்கு வேறு ஆள் பார்க்கும் பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

நீங்கள் காலையைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சாயங்காலப் படகைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காததை நானாகச் சொல்ல வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லிவிடுவதுதான் நியாயம்.

சாயங்காலம் அவருக்கு உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. அவர் சொன்னது மனசில் உறுத்திக்கொண்டே இருந்ததால் மறுபடியும் துறைக்குப் போனேன். சிவப்புக் கொடியைக் கயிற்றில் முடிச்சுப் போட்டேன். அப்போது துறையில் நாலைந்து பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்குக் கொடியம்மா?"

படகு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்றியிருந்தால் வந்திருக்கும். ஆனால் எப்போதிலிருந்து முடியவில்லை என்று கேட்பார்கள். காலையிலிருந்து என்றால், காலையில் ஏன் ஏற்றவில்லை என்று கேட்பார்கள்.

"யாருக்கும் இல்ல. காயவைக்கத்தான்" என்று சொல்லி முடிச்சை அவிழ்த்துவிட்டேன். வேறென்ன செய்ய முடியும், இந்த மனிதர்கள் முகத்தில்தானே நான் நாளைக்கும் விழிக்க வேண்டும்.