நெஞ்சு வலின்னு சொல்லிவெச்சிருக்கேன்

திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மலையில் மொட்டை போட்டுவிட்டு வந்த கணவர் தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை.

“ஆஸ்பத்திரில தலையில காந்தத்த வெச்சா நெஞ்சு துடிப்பு கொறையுது. வெரல்ல மாட்டுன மிஷின்ல நானே பாத்தேன்.”

“மெதுவா பேசுங்க. ஊர்ல நெஞ்சு வலின்னு சொல்லிவெச்சிருக்கேன்.”

“ஆனா டாக்டர் காந்தம் வெக்கிறது மனசு சரியில்லன்னுதான?”

“அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்க. நெஞ்சு வலின்னா பாவம்னுவாங்க. மனசு டாக்டர்னா வந்த வழியே போயிடுவாங்க.”

வழியில் ஏறிய, அவர்களுக்குத் தெரிந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்னா வேண்டுதல் பாவா?” அக்கா புருஷனை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“அவருக்கு நெஞ்சு வலி. இப்ப தேவலாம்” என்று மனைவி முந்திக்கொண்டாள்.

“எங்க வூட்டுக்காரருக்கும் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குதுக்கா. தூங்கறதில்ல, வேலைக்கும் போறதில்ல. சும்மாவே அழுதுகினு இருக்காரு. நெஞ்சுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டர் அனுப்பிட்டாரு. பாவாவுக்கு எந்த ஆஸ்பத்திரில பாத்தீங்க?”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“படி ஏற வுடாத. எண்ண பலகாரம் குடுக்காத” என்றாள், வெளியே பார்த்தபடியே.

“ஆங், சரிக்கா.”

அந்தப் பெண் தன் ஊரில் இறங்கிக்கொண்டாள். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஈரச் சந்தனத்தோடு தலையை மூடிக்கொண்டார்.