முந்நூறு ரேக்கு

இல்ல சார், பூட்டுங்க, வேணாம்னு சொல்லல. அஞ்சே நிமிஷம் கேட்டுட்டுப் பூட்டுங்க. இன்னைக்கி பௌர்ணமி கிரிவலம், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸு ஊருக்கு வெளியதான் நிக்கும். இந்தக் கூட்டத்துல அவசரப்பட்டு எங்க போவப்போறீங்க?

உங்களுக்கு முன்னாடி இங்க லைப்ரரியனா இருந்த அன்புச்செல்வியோட வீட்டுக்காரன் நான். ஆமாங்க, ஸ்டுடியோல கம்ப்யூட்டர்ல கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவன்தான். அவ படுத்து பத்து மாசமாச்சு. இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்ல. ஒத்த ரூமு, கட்டில திருப்பிப் போடக்கூட எடம் கெடையாது. கண்ணத் தொறந்தா செவுரு. பாக்கற எனக்கே மூச்சு முட்டுது சார்.

அதான் ஒரு ரோசனை பண்ணேன். போன மாசம் நீங்க சாப்பிடப் போயிருந்தப்ப, ஜன்னலோரம் வெளிச்சம் ஜாஸ்தியா இருந்த புக்கு ரேக்க ஒரு போட்டோ எடுத்தேன். தப்புதான், உங்கள கேக்கல. அத கம்ப்யூட்டர்ல போட்டு, பக்கத்துல ஒண்ணு, அதுக்குப் பின்னால இன்னும் சின்னதா ஒண்ணு, இப்படியே வெச்சிக்கினே போனேன். முடிவே இல்லாத லைப்ரரி சார்! கோயில் பிரகாரம் மாதிரி போய்க்கினே இருக்கும். பெருசா பிரிண்ட் போட்டு செவுரு பூரா ஒட்டிட்டேன். இனிமே படுத்தபடியே சுத்தி வாம்மான்னேன்.

பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. எல்லாம் ஒரே ரேக்குங்க, மேல் தட்டுல ஒரு புக்கு இல்லாத சந்து இருக்குது பாருங்கன்னா. எடுக்கறப்ப அது என் கண்ணுலயே படல சார். முந்நூறு ரேக்கு, முந்நூறு சந்து! அன்னைக்கி கண்ண மூடினவ, சோறு ஊட்டறப்பகூடத் தொறக்கறதில்ல. கிழிச்சிடறேன்னேன். நீங்க ஆசையா செஞ்சதாச்சே, இருக்கட்டும்ங்கறா.

மத்த ரேக்கையும் எடுக்க விடுங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போவும். ஒவ்வொண்ணா, வேற வேற புக்கா இருக்கற மாதிரி செஞ்சிக் குடுத்துடறேன். எதையும் தொடமாட்டேன். என்னது, ஏணியா? ஐயையோ, ஏணி வேணவே வேணாம்! கீழ நின்னே எடுத்துக்கறேன்.

இல்ல சார்... அந்த சந்துல இருந்த புக்க, ஆயுத பூஜைக்குத் தொடைக்கத்தான் அவ ஏறினா. எடுத்துட்டா, புக்கு கையில வந்துடுச்சு. கீழ ஏணியப் புடிச்சிக்கினு நின்னவன் நான்தான். செல்லு அடிச்சிது, எடுத்தேன்.