பானட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி

இருங்க தம்பி, இருங்க. பானட்டை அப்புறம் திறக்கலாம். அது எங்க ஓடிப்போயிரப் போகுது? ஹாலோவே வண்டிக் கம்பெனியிலேருந்து அவ்வளவு தூரம் பறந்து வந்திருக்கீங்க, வந்து கால்மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள மூணு தடவை பானட்டுன்னுட்டீங்க. மீட்டரைப் படம் எடுத்துக்கிட்டீங்கல்ல? அஞ்சு லட்சத்து நானூத்திப் பன்னெண்டு மைல். அதுல பொய் கிடையாது. அந்த மீட்டரை நான் தொட்டதே இல்லை, மார்வா தலைமேல சத்தியமா.

மார்வா என் பொண்டாட்டி. உள்ள உங்களுக்குத்தான் காபி போட்டுக்கிட்டிருக்கா. பாத்து, அந்தப் பக்கம் மிதிக்காதீங்க, சாணி. பனி உருகுற காலம், இந்த மொன்டானாவுல ஏப்ரல் மாசம் எது சேறு, எது சாணின்னு மாட்டுக்கே தெரியாது. புது ஷூ வேற போட்டுக்கிட்டு வந்திருக்கீங்க.

பதினோரு மணிக்குக் காபிக்கடை ஆளுங்க எல்லாரும் வருவானுங்க. ஏழு பேரு. அவனுங்க முன்னாடிதான் அஞ்சு லட்சம் மைலுக்கான அந்தப் பித்தளைத் தகட்டைக் குடுக்கணும்னு உங்க ஆபீஸ்ல சொல்லியிருக்காங்களாம்ல? புது வண்டி சாவியும் அப்பத்தானா? சரி. சிவப்பு கலரா? நல்லது. நல்லதுதான்.

அந்தக் காபிக்கடையைப் பத்திச் சொல்லணும் உங்களுக்கு. டோனாவோட கடை. காலையில ஆறு மணிக்குப் போயிருவோம். தோல் கிண்ணத்துல பகடையைக் குலுக்கிப் போடுவோம், தோத்தவன் அன்னிக்கு எல்லாருக்கும் காபி வாங்கணும். அதுல ஜன்னல் பக்கத்து மேசை ஹாலோவேக்காரங்களுக்கு. அடுப்புப் பக்கத்து மேசை கிரேஞ்சர்க்காரங்களுக்கு. யாரும் பலகை எழுதி மாட்டலை, ஆனா மாத்தி உக்காந்துற முடியாது. டோனா கடைக்கு ஒருதடவை வெளியூர் ஆளு ஒருத்தரு ஹாலோவேயில வந்து இறங்கி, அடுப்புப் பக்கம் உக்காந்துட்டாரு. பாவம், முட்டை கேட்டாரு. முட்டை வர்றதுக்குள்ள அவரு வண்டியோட டர்போவிலேருந்து அவரு பாட்டன் வரைக்கும் இழுத்துப் பேசி, மனுஷன் சாப்பிடாமலே எழுந்து போயிட்டாரு.

நான் பொறப்புலேயே ஹாலோவே. எங்கப்பா ஹாலோவே. அவரோட அப்பாவும் ஹாலோவே. ஞானஸ்நானம் வாங்கினது லூத்தரன் சபையிலதான், ஆனா வீட்டுல கும்பிட்டது ஹாலோவேயை. அடுப்பு மேசைக்குத் தலைவன் லோரன். லோரன் ட்வெட். அதோ, அந்த வேலிக்கு அந்தப் பக்கம் அவன் நெலம். வேலி ரெண்டு பேருக்கும் பொது. சண்டையும் பொது.

நான் என்ன சொல்லுவேன்னா, கிரேஞ்சர் கம்பெனிக்காரன் எஞ்சினை மட்டும் செஞ்சுட்டு அதைச் சுத்தி வண்டி செய்ய மறந்துட்டான்டாம்பேன். கதவு சாத்தாது, சீட்டு குத்தும், ரெண்டு பனிக்காலம் போனா தரை துருப்பிடிச்சு ரோடு தெரியும். அவன் சும்மா இருப்பானா? ஹாலோவே சீட்டு மாதிரி சொகுசு உலகத்துலயே கிடையாது வெர்லின், நின்னுபோனதை இழுத்துட்டுப் போற வண்டி வர்ற வரைக்கும் சாஞ்சு உக்காந்துக்கிட்டிருக்கணும்ல, அதான் அப்படிச் செஞ்சிருக்கான்னுவான். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பை அடக்கிக்கிட்டு மொறைப்பேன்.

முப்பத்தெட்டு வருஷம் தம்பி. ஒருநாள் விடாம.

என்ன கேட்டீங்க? ஸ்டார்ட் பண்ணினப்ப சத்தம் வேற மாதிரி இருந்துச்சா? உங்க காது கூர்மைதான் போங்க. அது சைலன்சர். பதினோரு வருஷம் முன்னாடி அறுத்து எடுத்துட்டு நேர்க் குழாய் போட்டேன். ஸ்டைலுக்கு. ஏன், அறுபத்தொரு வயசுல ஸ்டைல் வரக்கூடாதா? மார்வாவுக்கு அதுலேருந்து இந்த வண்டின்னாலே ஆகாது. கோயிலுக்குக்கூட அவ காருல முன்னாடி போயிருவா, நான் பின்னாடி இடி இடிச்சுக்கிட்டுப் போவேன். பாதிரியார் அந்தச் சத்தத்தைக் கேட்டதும், வெர்லின் வந்துட்டாரு, இப்ப ஆரம்பிக்கலாம்பாரு. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

ஆமா, பதினோரு வருஷம். அந்தக் குளிர்காலம் மோசமான குளிர்காலம். நவம்பர்ல என் மாடு ஒண்ணு வேலியைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருச்சு. கறுப்பு மாடு. சாயங்காலம் நாலரைக்கே இங்க மசமசன்னு ஆயிரும், பனி வேற. லோரன் அவனோட கிரேஞ்சர்ல வந்தான். மாட்டை அடிச்சு, பள்ளத்துல ரெண்டு உருட்டு உருண்டு நின்னான். அவனுக்கு ஒண்ணும் ஆகலை, ஒரு பல்லு போச்சு. வண்டி அப்பளம். கூரை, கதவு, சட்டம் எல்லாம் போச்சு. எஞ்சின் மட்டும் குத்துக்கல்லாட்டம் அப்படியே இருந்துச்சு.

இங்க சட்டம் என்னன்னா, மாட்டை அடிச்சவன்தான் மாட்டுக்காரனுக்குப் பதில் சொல்லணும். மறுநாள் தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு வந்து நிக்கிறான், பொக்கை வாயோட. எனக்கு வெக்கமாப் போச்சு. வேலியைக் கட்டாதது நானு. பேசாம ரெண்டு பேருமா அந்த மாட்டை வெட்டிப் பங்கு போட்டுக்கிட்டோம். மார்ச் வரைக்கும் ரெண்டு வீட்டுலயும் அந்த மாடுதான். ஆனா காபிக்கடையில நான் விட்டேனா? ஹாலோவேக்காரன் வீட்டு மாடுகூட கிரேஞ்சரை ஜெயிச்சுரும்டான்னேன். அதை எல்லாரும் ஒரு வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சானுங்க.

இருங்க, மணி என்ன? பத்தரையா. சரி.

இந்தக் கடுதாசி விஷயம் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இப்படி ஒரு வண்டி இருக்குன்னு உங்களுக்கு யாரு எழுதினது? நான் எழுதலை. மார்வாவும் இல்லைங்குறா. கர்ட்டாத்தான் இருக்கும், ஜன்னல் மேசையில என் பக்கத்துல உக்காருறவன், அவனுக்குத்தான் இந்த மாதிரி வேலையெல்லாம் புடிக்கும். கையில வெச்சிருக்கீங்களா? காட்டுங்க. கண்ணாடி… இந்தா இருக்கு.

...

இது கர்ட் கையெழுத்து இல்லை.

இல்லை தம்பி, ஒண்ணும் இல்லை. குளிர்க் காத்து, கண்ணுல தண்ணி வரும். கீழ பேரு போட்டிருக்கு பாருங்க. லோரன் ட்வெட். தேதி மார்ச் ஆறு. மார்ச் பத்தொன்பதாம் தேதி செத்துப்போனான். ஆமா, அதே லோரன்தான். கிரேஞ்சர்க்காரன்தான் ஹாலோவே கம்பெனிக்கு எழுதியிருக்கான். என்னதான் எழுதியிருக்கான் படவா ராஸ்கல்?

என் பக்கத்து நெலத்துக்காரர் வெர்லினோட வண்டி அஞ்சு லட்சம் மைலைத் தொட்டுருச்சு. அவரு கூச்சப்பட்டு உங்களுக்கு எழுதமாட்டாரு. அவசியம் ஆள் அனுப்பணும். வர்றவர் கண்டிப்பா பானட்டைத் திறந்து எஞ்சினைப் படம் எடுக்கணும். அந்த எஞ்சினை எனக்கு நல்லாத் தெரியும், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஹாலோவே ஆளுங்க அதைப் பாக்கக் குடுத்து வெச்சிருக்கணும்.

குடுத்து வெச்சிருக்கணுமாம்! பாத்தீங்களா அவன் குசும்பை? செத்தும் விடலை பாருங்க.

அப்ப வந்ததுலேருந்து நீங்க பானட்டு பானட்டுன்னது இதனாலதானா. நான் என்னவோ கம்பெனி வழக்கம்னு நெனச்சேன்.

ஆஸ்பத்திரிக்குப் பாக்கப் போனேன், மார்ச் ஆரம்பத்துல. நான், கர்ட், இன்னும் ரெண்டு பேரு. மூக்குல குழாய் வெச்சிருந்தாங்க. என்னைப் பாத்ததும் மொதல் வார்த்தை, வண்டி எப்படி ஓடுதுன்னான். நல்லா ஓடுதுன்னேன். எத்தனைன்னான். அஞ்சு லட்சம் தாண்டிருச்சுன்னேன். என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தான் தம்பி. ஏதோ சொல்லப்போறேன்னு பாக்குற மாதிரி. கர்ட் பக்கத்துல நிக்கிறான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஹாலோவேன்னா சும்மாவாடான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான், இருமல் வந்துருச்சு. நர்ஸ் வந்து எங்களை வெளிய போகச் சொல்லிட்டா. அதுதான் கடைசி. அன்னிக்கோ மறுநாளோதான் படுத்துக்கிட்டே இதை எழுதியிருக்கான். எழுத்தெல்லாம் கோணிக்கிட்டுப் போகுது பாருங்க.

அடக்கத்தன்னிக்கு இதைவிடப் பெரிய கூத்து. கல்லறை மேட்டு மேல இருக்கு. சேறு. சவ வண்டி பாதியில சக்கரம் சுத்திக்கிட்டு நின்னுருச்சு. என்ன பண்றதுன்னு எல்லாரும் முழிக்கிறோம். லோரனோட பொண்டாட்டி ஆர்லிஸ் சொல்லுறா, வெர்லின் வண்டியில ஏத்துங்க, சேறா இருந்தா அப்படித்தான் செய்யணும்னு அவரே சொல்லி வெச்சிருக்காருன்னு. அவனோட சொந்த கிரேஞ்சர் அங்கேயேதான் நிக்குது, புதுசு, அவன் மகன் ஓட்டிக்கிட்டு வந்தது. அதுல வேண்டாம், வெர்லின் வண்டியிலதான்னா.

பெட்டியை இதோ இங்க, இந்தப் பின்னாடிதான் வெச்சோம். வைக்கோல் துணுக்குகூடப் பெருக்கலை. நான் ஓட்டினேன். சறுக்காம, திணறாம, ஒரே இழுப்புல மேட்டு மேல ஏறுச்சு. மேல போனதும் கர்ட் சத்தமாச் சொல்லுறான், கடைசியில லோரனும் ஹாலோவேக்கு மாறிட்டான்டான்னு. அழுதுக்கிட்டு இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. பாதிரியாரு சிரிச்சாரு. ஆர்லிஸ் சிரிச்சா.

நானும் சிரிச்சேன் தம்பி. அதுதான் எனக்கு ஆறலை. மூணு வாரமாச்சு, ஒரு வாய் சோறு ஒழுங்கா எறங்கலை. மார்வா டாக்டர்கிட்ட போகலாங்குறா. டாக்டர் இதுக்கு என்ன மாத்திரை குடுப்பாரு?

அதோ, வர்றானுங்க. அந்த முன்னாடி வர்ற நீல வண்டி கர்ட்டோடது. ஸ்டியரிங்லேருந்து ஒத்தை விரலைத் தூக்குறான் பாருங்க, அதுதான் இங்க வணக்கம். நீங்களும் ஒரு விரலைத் தூக்குங்க. அவ்வளவுதான், போதும்.

வாங்க, இப்ப பானட்டைத் திறக்கலாம். இல்லை, அவனுங்களும் வரட்டும், எல்லாரும் பாக்கட்டும். பதினோரு வருஷமா நான் ஒருத்தன் முன்னாடியும் இதைத் திறந்ததில்லை. ஆயில் பாக்கணும்னாக்கூட கொட்டாய்க்குள்ள விட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் பாப்பேன்.

அந்த மாடு செத்த மாசத்துக்கு அடுத்த மாசம், டிசம்பர்ல, கன்னுக்குட்டிகளை ஏத்தி இழுத்துக்கிட்டு வர்றப்ப உங்க எஞ்சின் வெடிச்சுருச்சு. ஆமா தம்பி, ஹாலோவே எஞ்சின். ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் மைல்ல. பக்கவாட்டுல ஓட்டை, என் கையே உள்ள போகும். லோரனுக்குத்தான் போன் பண்ணினேன், வேற யாருக்குப் பண்ணுவேன்? டிராக்டரைக் கொண்டாந்து, ஊருக்குள்ள யாரும் பாக்காம வயக்காட்டு வழியா இழுத்துட்டு வந்தான். கொட்டாயில வெச்சுப் பாத்துட்டு, உன்கிட்ட கதவு நல்லா இருக்கு, என்கிட்ட எஞ்சின் நல்லா இருக்குன்னான். ஒம்பது நாளு. மைனஸ் முப்பதுல ரெண்டு கெழவனுங்க, ஒரு சங்கிலி, ஒரு தூக்கு மெஷின். சத்தத்தை வெச்சுக் கண்டுபுடிச்சிருவானுங்க, சைலன்சரை அறுத்துருன்னு யோசனை சொன்னதும் அவன்தான். முடிச்சுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னான், நீயா சொல்ற வரைக்கும் நான் வாயால சொல்லமாட்டேன்னு.

சொல்லலை. அதுக்கப்புறம் பதினோரு வருஷம், ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம் மைலு நான் அடுப்பு மேசையைப் பாத்து மார் தட்டியிருக்கேன். அவன் காபியை உறிஞ்சிக்கிட்டு, ஆமா வெர்லின், உன் வண்டி நல்லாத்தான் ஓடுதும்பான். அன்னிக்கு மேட்டு மேல அவனை இழுத்துக்கிட்டுப் போனதும் அவனோட எஞ்சின்தான்.

புது வண்டிச் சாவியை உள்ளயே வெச்சுக்குங்க. தகடும் உங்க பையிலேயே இருக்கட்டும். வாடா கர்ட், எல்லாரும் இப்படி வந்து நில்லுங்க, ஒரு விஷயம் இருக்கு. தம்பி, தாழ்ப்பாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும், நீங்க அந்தப் பக்கம் புடிச்சுத் தூக்குங்க. ம், தூக்குங்க. எஞ்சின் மேல இருக்குற அந்த எழுத்தைச் சத்தமாப் படிங்க. கிரேஞ்சர்னு நல்லாத் தெரியும், ஒரு எழுத்துகூட அழியலை. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நான்தான் துடைக்கிறேன்.