காளை மட்டையும் அத்தானின் வலக்கையும்

டென்னிஸ் மட்டையைப் பற்றி எழுதுகிறவன் அதன் குறைகளை மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. அக்கா, நேற்று நீ காய்கறிக் கத்தியால் அத்தானின் மட்டை விளிம்பைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயப் பட்டைகளை என் மேசையில் போட்டாய். "என்ன பண்ணினேன்னு எழுதிக் கொடு. கிண்டல் பண்ணாம எழுது" என்றாய். எழுதுகிறேன். கிண்டலுக்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

என் வேலை உனக்குத் தெரியும். கிளப் கடையில் மட்டைகளுக்கு நரம்பு கட்டுகிறேன். புதிதாக ஏதாவது வந்தால் யாரிடமாவது கொடுத்து ஆடவிட்டு, ஒவ்வொரு அடிக்கும் மதிப்பெண் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். அப்படி வந்ததுதான் இந்தக் கறுப்பு மட்டை. அகல முகம், விறைத்த உடம்பு, தொட்டால் பந்து பறக்கும். காளை என்று பெயர் வைத்தேன்.

அது வந்த வாரத்தில்தான் உடைமாற்றும் அறையில், எல்லாரும் இருக்கும்போது அத்தான் சொன்னார்: "நம்ம மச்சான் நரம்பு கட்டத்தான் லாயக்கு. வலைக்கிட்ட நிறுத்தினா கொடிக்கம்பம்தான், துணி காயப்போடலாம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏழு வருடம் இரட்டையர் ஆட்டத்தில் அவருக்கு ஜோடியாக நின்றவன் நான். அந்த வருடம் என்னைக் கழற்றிவிட்டு, கிளப்பில் ஆடும் ஆடிட்டரைச் சேர்த்துக்கொண்டார். இதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. எது முதலில் நடந்தது என்று தெரிவதற்காகச் சொல்கிறேன்.

காளையை அவரிடம் கொடுத்தேன். ஃபோர்ஹேண்டில் அசுர பலம். முதல் நாளே மூன்று பந்துகள் வேலி தாண்டிக் கார்களின் மேல் விழுந்தன. "மச்சான், இது மட்டையா, பீரங்கியா?" என்று சந்தோஷமாக ஓடி வந்தார். பந்து எல்லை தாண்டினால் நரம்பை இறுக்குவது எவனும் செய்வது. நானும் இறுக்கினேன். கடையில் இருப்பதிலேயே முரட்டு நரம்பைப் போட்டு இறுக்கினேன். பந்து கோட்டுக்குள் விழுந்தது. பத்துக்கு ஒன்பது.

பேக்ஹேண்ட் அவ்வளவு சுகமில்லை. மூன்றாவது வாரம் முழங்கையைத் தடவிக்கொண்டு வந்தார். "டம்ளரைத் தூக்கினாக்கூட சுள்ளுனு இழுக்குது மச்சான்." இதற்கு மருந்து மெத்தென்ற நரம்பு, தளர்ந்த கட்டு. நரம்பு கட்டக் கற்றுக்கொண்ட முதல் மாதமே எனக்கு இது தெரியும். "நரம்பு தளர்ந்துபோச்சு அத்தான், அதான் கையில அதிருது" என்று சொல்லி இன்னும் இறுக்கினேன். கைப்பிடியையும் கொஞ்சம் மெலிதாக இழைத்துவிட்டேன். பிடி மெலிந்தால் விரல்கள் கூடுதலாக இறுக்கிப் பிடிக்கும். நன்றி சொல்லிவிட்டுப் போனார். வாயைத் திறந்தவர்களிடம் நாள் முழுக்க "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லும் பல் டாக்டர், அதையே இன்னொருவன் சொன்னால் எப்படி நம்பாமல் இருப்பார்?

வாலியில், அதாவது பந்து தரையில் படும் முன்பே வலையருகே அடிப்பதில், காளை தன் சொந்த பலத்திலேயே பந்தைத் திருப்பி அனுப்பும். அத்தானைப் பொறுத்தவரை வலையை முதலில் எட்டுவது தொப்பைதான், மட்டை பின்னால் வரும். ஆகவே பந்து பெரும்பாலும் விளிம்பில் பட்டு, அந்த அதிர்வு அப்படியே மணிக்கட்டுக்குள் இறங்கியது. ஏழு போடலாம்.

சர்வுக்காகத்தான் ஈயப் பட்டைகள். மட்டையின் தலைப்பக்கம் கனத்தால் அடி இடி மாதிரி விழும், ஆனால் அந்தக் கனத்தைச் சுமப்பது தோள்பட்டை. எலும்பு டாக்டர் மூன்று மாதம் ஓய்வு சொன்னதாக அத்தான் வந்து நின்றார். "ஓய்வெடுத்தா தசை இறுகிடும், விடாம ஆடுங்க" என்றேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் தோளுக்குள் ஏதோ அறுந்த சத்தம் கடை வரைக்கும் கேட்டது. ஆடிட்டர் பயந்து மட்டையைக் கீழே போட்டுவிட்டார். நான் குறித்துக்கொண்டேன்: சர்வ், பத்துக்குப் பத்து.

அந்த வலியோடு மறுநாள் அவர் கிளினிக்கைத் திறந்தது என் குற்றமில்லை. கடைவாய்ப் பல்லைக் காட்ட வந்த பஸ் கண்டக்டரின் உதட்டில் துளைக்கருவி நழுவியதையும் என் கணக்கில் எழுதாதே. ஐந்து தையல்தான். இனி அவரால் விசில் ஊத முடியாது என்பதால் டிப்போவில் உட்கார்ந்த வேலை கொடுத்திருக்கிறார்களாம். எத்தனை கண்டக்டர்களுக்குக் கிடைக்கும்?

கிளினிக் மூடிக் கிடக்கிறது, அத்தானின் சட்டைப் பொத்தானை நீதான் போட்டுவிடுகிறாய், தட்டில் பிசைந்து வைப்பதும் நீதான் என்றாய். "தெரிஞ்சேதான் செஞ்சியா?" என்று கேட்டாய். ஆமாம் அக்கா. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் தெரிந்தே செய்தேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அந்த இடத்துக்கு ஏற்றபடி செய்தேன். ஆனால் வன்மம் எதுவும் கிடையாது. ஒரு மட்டையை முழுமையாகச் சோதிக்க விரும்பினேன், அவ்வளவுதான்.

இன்று காலை அத்தான் கடைக்கு வந்தார். நீ இன்னும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை என்று புரிந்தது. இடது கையில் ஒரு புது மட்டை. "இனி இந்தக் கையால பழகப் போறேன் மச்சான். நீ நரம்பு கட்டினாத்தான் எனக்கு நம்பிக்கை" என்றார். யாரோடு ஜோடி சேர்ந்து ஆடப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஆடிட்டரோடதான், வேற யாரு?" என்றார்.

மத்தியானத்துக்குள் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். "உன்னோடதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தளர்த்தியே கட்டியிருப்பேன்.