நான் கேட்காமல் வைத்திருந்த கேள்வி

எங்கள் அலுவலகத்து டீ வாயில் வைக்கிற மாதிரி இருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்சிக்காரரான டீச்சர் ஒவ்வொரு சாயங்காலமும் சமையலறைப் பக்கம் போய் நின்றது டீக்காகத்தான் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த டீயை ஒருமுறை குடித்தவர்கள் மறுமுறை அதற்காக எழுந்து போக மாட்டார்கள் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

விசாரணை அதிகாரியான நீங்கள் என்னைக் கூப்பிட்டது ஜெராக்ஸைப் பற்றிக் கேட்க. ஜெராக்ஸ் என்பது நகல் எடுக்கும் எங்கள் பையனுடைய பட்டப்பெயர். பையன் என்றால் சின்னப் பையன் இல்லை, என் வயதுதான். ஆனால் சட்டம் படிக்காதவன் எத்தனை வயதானாலும் வக்கீல் அலுவலகத்தில் பையன்தான். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: எதிர்க்கட்சி. அது என் வேலையால் வந்தது.

எங்கள் சீனியர் வக்கீலம்மா சீருடைக்காரர்கள் மேல் வழக்குப் போடுகிறவர். அதனால் யாரும் எங்களுக்கு இடம் வாடகைக்குத் தர மாட்டார்கள். ஒரு பல் மருத்துவர் மட்டும் தந்தார். கீழே அவர் பல் பிடுங்குவார், மேலே நாங்கள் ஒத்திகை நடத்துவோம். எங்கள் மாடியிலிருந்து வருகிற அழுகைச் சத்தத்தை அவருடைய நோயாளிகளும், அவருடைய அறையிலிருந்து வருவதை எங்கள் கட்சிக்காரர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒத்திகை என்றால் பதில் சொல்லிக் கொடுப்பதில்லை. அது தப்பு. கேள்வியைப் பழக்குவது மட்டும்தான். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னென்ன அசிங்கமாகக் கேட்பாரோ, அதையெல்லாம் நாங்கள் முன்கூட்டியே கேட்டுவிடுவோம். அங்கே கேட்கும்போது பழைய சங்கதியாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீலாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு கேட்பது நான். சீனியரே ஒருமுறை, "உன்னை மாதிரி கேவலமா கேக்க யாராலயும் முடியாதுடா" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

டீச்சர் மழலையர் பள்ளியில் வேலை பார்த்தவர். தெருவைச் சோதனை போட வந்த படையினர், ஒரு சின்ன விசாரணை என்று அவரைப் பள்ளி வாசலிலிருந்து முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் காலையில்தான் விட்டார்கள். அந்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரையும் அவர் அடையாளம் காட்டினார். அவர்கள் குற்றவாளிக் கூண்டுக்கு வந்து நிற்கவே பல வருடம் ஆனது. அதற்குள் ஒருவனுக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்துவிட்டது.

முதல் ஒத்திகையில் நான் கேட்டேன்: "ஏன் கத்தல? வாய் இல்லையா உங்களுக்கு?" டீச்சர் எழுந்து போய் வாந்தி எடுத்தார். நாலாவது வாரம் அதே கேள்வியைக் கேட்டபோது என் கண்ணைப் பார்த்து, "கத்தினேன். உங்க கட்சிக்காரர் ரேடியோவ சத்தமா வெச்சார்" என்றார். எனக்குப் புல்லரித்தது. அந்தப் பெண்ணை அந்த வாக்கியத்துக்குக் கொண்டுவந்தது யார்? சீனியரா? ஜெராக்ஸா?

காதல் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது. நான் கவனித்ததை மட்டும் சொல்கிறேன். ஒத்திகை முடிந்ததும் டீச்சர் என்னைத் தாண்டிக்கொண்டு சமையலறைக்குப் போவார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் அங்கியைக் கழற்றிவிட்டு, சாதாரண மனிதனாக முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். என்னை சார் என்பார். ஜெராக்ஸைத் தம்பி என்பார். அவன் எப்படி என்னைவிடத் தம்பியாக முடியும் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். வீட்டுக்குப் போகும்போது அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரைக்கும் போவதும் அவன்தான். அது அலுவலகக் குடை.

ஒருநாள் சமையலறைக் கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக் கேட்கவில்லை. கதவு திறந்திருந்தது, நான் நின்றேன், அவ்வளவுதான். டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத யார்கிட்டயும் சொல்லிடாத. எல்லாம் முடிஞ்சப்புறம் அதுல ஒருத்தன் ஒரு டம்ளர் தண்ணி குடுத்தான். குடிச்சிட்டு தேங்க்ஸ்னு சொல்லிட்டேன். நாள் பூரா பிள்ளைங்களுக்கு அதத்தான சொல்லிக் குடுக்கறேன், தானா வாய்ல வந்துடுச்சு. அவனுங்க பண்ணினத எத்தன பேர் முன்னாடி வேணும்னாலும் சொல்வேன். இத மட்டும் என்னால சொல்ல முடியாது."

எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் வைத்திருக்கிற ஜெராக்ஸ் அன்றைக்கு ஜோக் அடிக்கவில்லை. "அதுக்கு அவன் என்ன சொன்னான்க்கா?" என்றான்.

"பரவால்லன்னு சொன்னான்."

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் தவறாமல் அவர் எதிரே உட்கார்ந்து, உலகத்தில் யாரும் ஒரு பெண்ணிடம் கேட்கக் கூடாததை எல்லாம் கேட்டு, பதில் வாங்கியவன் நான். கடைசியில் அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று, விரலெல்லாம் கரி மசியோடு நிற்கிற ஒருவனுக்குப் போய்ச் சேருகிறது. அவன் எதுவும் கேட்கக்கூட இல்லை.

மறுநாளே அந்தக் கேள்வியை ஒத்திகையில் கேட்டிருக்கலாம். கேட்டு, அழவிட்டு, பழக்கியிருக்கலாம். நான் கேட்கவில்லை. அவராக என்னிடம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒத்திகை முடியும்போது, வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். "எல்லாம் சொல்லிட்டேன் சார்" என்பார். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறவர்.

குறுக்கு விசாரணை மூடிய அறையில் நடக்கும் என்று உத்தரவானது. சாட்சி தன் துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றார் நீதிபதி. சீனியர் என்னைத்தான் பார்த்தார். டீச்சர் யோசிக்கவே இல்லை. "தம்பி வரட்டும்" என்றார். ஜெராக்ஸ் அதற்காக ஒரு புதுச் சட்டை வாங்கினான். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை, காலருக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.

அன்று காலை நீதிமன்றத் தாழ்வாரத்துக் குழாயடியில் எதிர்த்தரப்பு வக்கீல் கை கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், பேத்தி பிறந்திருந்த சந்தோஷத்தில் இருந்தார். நான் அவரிடம் எதையும் கொடுக்கவில்லை, எதையும் வாங்கவில்லை. ஒரு சந்தேகம்தான் கேட்டேன். "தண்ணி குடுத்தப்ப அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு உங்க கட்சிக்காரர் சொன்னாரா சார்?" என்றேன். அவர் கையை உதறிக்கொண்டே என்னைப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தவனுக்கே அது மறந்து போயிருந்தது என்று பிறகு தெரிந்தது. வக்கீல் ஞாபகப்படுத்தியதும் சிரித்தானாம்.

நான் சொன்னதில் பொய் ஏதாவது இருக்கிறதா? இல்லை. கவனித்துக்கொள்ளுங்கள்.

கூண்டில் டீச்சர் பிரமாதமாக நின்றார். நான் கேட்டுப் பழக்கிய கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன, பழைய சங்கதியாகத் திரும்பிப் போயின. சீனியரின் ஜூனியராக அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் உள்ளுக்குள் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால், எதிர்த்தரப்பு வக்கீல் குரலை ரொம்பவும் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் முடிஞ்சப்புறம் ஒரு வீரர் உங்களுக்குத் தண்ணி குடுத்தாரில்ல?"

"குடுத்தார்."

"குடிச்சிட்டு அவர்கிட்ட என்ன சொன்னீங்க டீச்சர்?"

நான் எதிர்பார்த்தது என்னவென்றால், அவர் திணறுவார், திரும்பி என்னைப் பார்ப்பார். பதில் என்னிடம் இருந்தது. 'ஆமாம், சொன்னேன். உயிரோடு வெளியே போக வேண்டியிருந்தது.' அவ்வளவுதான். என் முகத்தைப் பார்த்திருந்தாலே போதும், தைரியம் வந்திருக்கும்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜெராக்ஸைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கூண்டுக் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, வெளியே போய்விட்டார். திரும்ப வரவே இல்லை. பாதியில் விட்ட சாட்சியத்தை நம்ப முடியாது என்று எழுதி, மூன்று பேரையும் நீதிபதி விடுதலை செய்தார். பதவி உயர்வுக்காரன் வாசலில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தான். எனக்கும் நீட்டினான்.

ஜெராக்ஸ் வாயைத் திறக்கவில்லை. 'நான் சொல்லவில்லை' என்றுகூட அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அப்படி ஒரு விஷயம் உண்டு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று நினைத்திருப்பான். இப்போது ஒரு பேனா பென்சில் கடையில் நிற்கிறான். கூண்டிலிருந்து டீச்சர் அவனைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது, பல் மருத்துவரின் ஊழியர்கள்கூட அவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று பேசினார்கள். வழக்கைத் தோற்கடித்தவன் என்று நீங்களும் அவன்மேல்தான் கோப்புத் திறந்தீர்கள்.

எனக்குத் தாங்காமல் போனது எது என்று கேட்டால், இதுதான். டீச்சர் நம்பியதும் அவனைத்தான். வழக்குத் தோற்ற பிறகு மாதக்கணக்கில் வெறுத்ததும் அவனைத்தான். அந்த வெறுப்பில்கூட எனக்கு ஒரு துளி பங்கு இல்லை. போன வாரம் அந்தக் கடைக்கு எதிரே நின்றிருந்தேன். டீச்சர் வந்தார். கடைக்குள் போய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் சிரித்தார்கள்.

அதனால் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கொடுத்தது நான்தான். ஜெராக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவனுக்கு அந்த அளவுக்கு விஷயம் புரியவும் புரியாது. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறேன்.

மறுவிசாரணை கேட்டு சீனியர் மனுப் போடப் போவதாகக் கேள்விப்பட்டேன். கிடைத்தால் ஒத்திகையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். டீச்சருக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் சாயங்காலங்களை நான் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.