மூன்று நாள் இருட்டு

உப்புத்தண்ணீரில் மீன் வளர்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும் ஐயா. எனக்கு அது நிறையவே உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக, "இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதா" என்று கேட்டே காலம் தள்ளியவன். வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன், ஒரு மஞ்சள் மீன், கொஞ்சம் பவளம்.

போன வருடம் பாறைமேல் பச்சைப் பாசி வந்தது, வாரிவிடாத தலைமுடி மாதிரி. பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். நத்தை வாங்கி விட்டேன். பத்தே நாளில் திரும்ப முளைத்தது. தீனி மிஞ்சினால் பாசி வரும். நான் காலையில் ஒரு சிட்டிகைதான் போடுகிறேன். அப்படியானால் பகலில் போடுவது யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

மனைவியைக் கேட்டேன். "நான் அந்தப் பக்கமே போறதில்லீங்க" என்றாள். நம்பினேன். ஆனாலும் தீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பாசி நிற்கவில்லை. அப்போதுதான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. மாற்றுச் சாவி செய்திருக்கிறாள். பதினெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள், கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள்.

பாசிக்குக் கடைசி வைத்தியம் இருட்டு. மூன்று நாள் விளக்கு கிடையாது, தீனி கிடையாது, தொட்டியைச் சுற்றிக் கறுப்புப் போர்வை. இடையில் ஒரு தடவை தூக்கிப் பார்த்தாலும் பட்ட பாடு வீண். அவள் வெளியே இருந்தால் தூக்காமல் இருப்பாளா? சாமான் அறைக்கு ஜன்னல் இல்லை. ஒரு குடம் தண்ணீர் வைத்து, அவளை உள்ளே விட்டுத் தாழ் போட்டேன்.

முதல் நாள் சத்தியம் செய்தாள். இரண்டாம் நாள், "ஆமாங்க, நான்தான் போட்டேன். கதவைத் திறங்க, ஊசி போடணும்" என்றாள். சர்க்கரைக்கு அவள் தினமும் போட்டுக்கொள்ளும் மருந்து ஃபிரிட்ஜில் இருந்தது, கதவுக்கு ஆறடி தள்ளி.

"எந்தச் சாவியால திறந்தே?" என்று கேட்டேன்.

"நீங்க எதைச் சொல்றீங்களோ, அதாலதான்."

அன்று நான் அழுதேன் ஐயா. வருடம் முழுக்க முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் கூப்பிடவில்லை. வீம்பு என்று நினைத்தேன். இல்லை, அப்படிச் சொல்வது சரியில்லை. அவளுக்கு மூச்சு வாங்குவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. நின்று கேட்டேன். இன்னும் ஒரு நாள்தானே என்று கடைக்குப் போய்விட்டேன்.

நாலாம் நாள் காலையில் முதலில் போர்வையை எடுத்தேன். பாறை பளிச்சென்று இருந்தது. மீன்கள் இளைத்திருந்தாலும் நீந்தின. பிறகுதான் அறைக் கதவைத் திறந்தேன். சர்க்கரை முற்றிவிட்டது என்றேன், எல்லோரும் நம்பினார்கள். ஒன்றரை மாதமாக யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள்: நான்தான் கொன்றேன்.

பாசி மறுபடி வந்திருக்கிறது. தண்ணீர் வடிகட்டியை மூன்று வருடமாக மாற்றவில்லை, அதனால்தான் என்கிறான் மீன்கடைக்காரன். வடிகட்டி விற்பவன் வேறென்ன சொல்வான். வீட்டையே கவிழ்த்துத் தேடிவிட்டேன். அந்த மாற்றுச் சாவியை எங்கே வைத்தாள் என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.