குழவிக்கல்லும் பவானி ஆறும்

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், கொங்கு மண்டலத்தின் அறிவுக்கண்ணை ஓராண்டாகத் திறந்துவந்த ‘மூளையும் முண்டாவும்’ நிகழ்ச்சி, 1997 ஆகஸ்டு மாதத்தோடு எங்கள் கேபிளில் நின்றுபோயிற்று. அந்த நேரத்துக்கு இப்போது பழைய படம் போடுகிறார்கள். யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். பெயர் லட்சுமணசாமி. டுடோரியல் நடத்துகிறேன். ‘அறிவுச்சுடர்’ என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் அடித்தபோது நானே தேர்ந்தெடுத்தது. மற்றவர்களிடம் விட்டிருந்தால் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டம் எளிது. போட்டியாளர் இருபது கிலோ குழவிக்கல்லை நெஞ்சோடு அணைத்து நிற்க வேண்டும். நான் ஐந்து கேள்வி கேட்பேன். ஐந்தாவதற்கும் சரியான பதில் வரும்வரை, அல்லது நான் ‘போதும்’ என்று சொல்லும்வரை, கல் இறங்கக் கூடாது. ஜெயித்தால் ஒரு கிரைண்டர். அறிவுக்கும் குழவிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். விளம்பரம் கொடுத்தது கிரைண்டர் கம்பெனி. பவானி ஜமக்காளக் கடைக்காரர் கொடுத்திருந்தால் ஆளைச் சுருட்டிவைத்துக் கேட்டிருப்போம்.

பாலுசாமி, கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். ஜூலையில் ஒருநாள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பவானி ஆறு தமிழ்நாட்டில் பிறந்து, வேற்று மாநில மண்ணை மிதிக்காமல் காவிரியில் சேரும் கற்புள்ள நதி என்று நான் அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்தார்.

“ஏனுங்க சார், அது கேரளாவுக்குள்ள போயிட்டுத்தானுங்க திரும்பி வருது. அட்டப்பாடியில எம் மச்சான் அதுலதானுங்க எருமை கழுவறான்.”

கூட்டம் சிரித்தது. கேபிள்காரர் அதை வெட்டாமல் ஒளிபரப்பினார். மறுநாள் என் டுடோரியல் கரும்பலகையில் யாரோ ஓர் எருமை வரைந்திருந்தார்கள். நான் கோபப்படவில்லை. வால்கூடச் சரியாக வந்திருந்தது. பாலுசாமியைப் போட்டிக்கு அழைத்துக் கடிதம் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி செல்லாத்தாளோடு வந்தார். அந்தம்மாவுக்கு இட்லிக் கடை. ஆட்டுக்கல் ஆட்டி ஆட்டித் தோள்பட்டை போய்விட்டதாம். கிரைண்டர் கிடைத்தால் தேவலையாம். மேடையேறும் முன் பாலுசாமி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“போன மாசம் நெஞ்சு வலி வந்துருச்சுங்க. டாக்டர் கனந் தூக்கப்படாதுன்னாருங்க. ஊட்ல சொல்லலை. சட்டுன்னு கேட்டுப்போடுங்க சார்.”

“அதுக்கென்னங்க,” என்றேன்.

நான்கு கேள்விகளைச் சட்டென்றுதான் கேட்டேன். நான்கும் சரி. ஐந்தாவது: பவானி எத்தனை மாநிலங்களில் ஓடுகிறது?

“ரெண்டுங்க.”

“தப்புங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

“ரெண்டுதானுங்க சார்.” உதடு வெளுத்திருந்தது. “கல்லை எறக்கிப்போடட்டுங்களா?”

“கொஞ்சம் பொறுங்க.”

செல்லாத்தாள் எழுந்துவிட்டாள். “ஏனுங்க, கீழ வெச்சுப்போட்டு வாங்க. கிரைண்டரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்.”

“சார் இன்னுஞ் சொல்லலீங்களே, அம்மணி.”

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கல்லை என் காலில் போட்டுவிட்டுப் போயிருப்பான். நம் ஊர் ஆள் உத்தரவு வாங்காமல் இறக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும். மரியாதைக்கு நானும் குறை வைக்கவில்லை. மூன்று முறை ‘பொறுங்க’ என்றேன். ஒருமுறைகூட ‘பொறு’ என்று சொல்லவில்லை. ஆறு நிமிடம் ஆயிற்று. கல்லோடு சேர்ந்தே விழுந்தார். விழும்போதும் அதை விடவில்லை.

‘ஒன்று’ என்று சொல்லியிருந்தால் கிரைண்டரோடு வீட்டுக்குப் போயிருப்பார். பிடிவாதக்காரர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு கிரைண்டரை அந்தம்மாவுக்கு அனுப்பிவைத்தேன். திருப்பி அனுப்பிவிட்டாள். நாகரிகம் தெரியாதவள்.

என் கையிலிருந்த அட்டையில் பதில் ‘ஒன்று’ என்றுதான் இருந்தது. அதனால், அறியாமல் நேர்ந்த பிழை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் லேசில் விட்டுவிடுவார்கள் என்கிறார் வக்கீல். அறிவுச்சுடர் ஒன்றை அறியாமல் செய்தான் என்று கையெழுத்துப் போட என்னால் முடியாது, இன்ஸ்பெக்டர்.

அட்லஸைப் பிரித்துப் பார்த்தது வெள்ளிக்கிழமை. இரண்டு மாநிலம். அட்டையில் ‘ஒன்று’ என்று எழுதியது சனிக்கிழமை.